வளைவுப் பந்து வேண்டாம்

ஆர்லிஸ் டாக்கெட்டுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். டென்னசி மாநிலத்தின் கிழக்கு மூலையில் இருக்கிற எங்கள் ஹார்லன்ஸ் ஃபோர்டில் அந்தக் காதைப் பார்த்தே ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். மளிகைக் கடையில் வரிசையை முந்துகிறவன், கண் தெரியாத அம்பயர், பிரசங்கத்தைச் சாப்பாட்டு நேரம் தாண்டி இழுக்கிற போதகர், யாராக இருந்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவான். அதனால் அவனுக்குக் கிடைத்த நன்மை ஒன்றுமில்லை. கெட்டுப்போன காரியங்களைச் சொல்லப் போனால் பொழுது போதாது.

கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத்துக் குடும்பம் அவனுடையது. பதினெட்டு வயதில் பேஸ்பால் ஆடக் கிளம்பியவன் பதினைந்து வருடம், பெரிய லீக்குக்கு ஆள் தயாராக்குகிற மைனர் லீக்கின் பேருந்துகளிலேயே தூங்கி எழுந்தான். அவன் கேட்சர். பந்து வீசுகிற பிட்சருக்கு எதிரே, பேட்டருக்குப் பின்னால், முகமூடி போட்டுக்கொண்டு குந்தி உட்கார்ந்து பந்தை வாங்குகிற வேலை. அடுத்து எந்தப் பந்தை வீச வேண்டும் என்று தொடைகளுக்கு நடுவே விரலைக் காட்டிச் சொல்வதும் அவன்தான். ஒரு விரல் காட்டினால் வேகப் பந்து. இரண்டு விரல் வளைவுப் பந்து. நான்கையும் ஆட்டினால் மெதுவாக வந்து ஏமாற்றுகிற பந்து.

பெரிய லீக்கில் ஒரு நாள்கூட அவன் ஆடியதில்லை. ஒரு தடவை கூப்பிட்டார்கள். பெட்டியோடு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தவனை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைத்து, மேலே இருக்கிற கேட்சருக்குச் சுளுக்கு சரியாகிவிட்டது, நீ திரும்பிப் போ என்றார்கள். இன்னொரு வருடம் வீங்கின முழங்காலில் ஊசி போட்டு மரக்கட்டையாக்கி, சீசன் முழுக்க ஆடவிட்டார்கள். குளிர்காலம் வந்ததும் அதே ஆட்கள், உன் முழங்கால் சரியில்லையே என்று உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த முழங்காலோடுதான் அவன் எங்கள் ஊர் மைனர் லீக் அணிக்குக் கேட்சராக வந்து சேர்ந்தான். இங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்த லுவெல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அடுத்த வசந்தத்தில் அவனைப் பயிற்சியாளராக்குவதாகக் கிளப்பில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று லுவெல்லா தினமும் காலையில் அவனுக்குச் சொல்லி அனுப்புவாள்.

எழுபத்தெட்டாம் வருடம், அந்தக் கோடையில் எங்கள் அணிக்கு வெண்டல் கிரிம்ஸ்லி வந்தான். ஜார்ஜியாவில் பீச் பழத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்த குடும்பம். இருபது வயது, ஒட்டடைக்குச்சி உடம்பு, வாய் மட்டும் எட்டு ஊருக்குக் காணும். அவன் வீசுகிற வளைவுப் பந்தைப் பார்ப்பதற்கென்றே மைதானத்துக்கு வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். நெஞ்சுக்கு நேரே வருகிற பந்து, பேட்டர் மட்டையைச் சுழற்றி முடிக்கும்போது அவன் கணுக்காலுக்குக் கீழே கிடக்கும். பெரிய கிளப்புகளுக்காக ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராக அலைகிற ஸ்கவுட்டுகள் வைக்கோல் தொப்பியும் ஸ்டாப்வாட்சுமாக வந்து, கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பத் தொடங்கினார்கள்.

ஜூலைக் கடைசியில் அந்தப் பந்து செத்துப்போனது. வளைய வேண்டிய இடத்தில் வளையாமல் பஞ்சு மாதிரி மிதந்து வந்தது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை. ஆர்லிஸின் கையுறைக்குத் தெரிந்தது. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஆகஸ்டு நடுவில் ஒரு பயிற்சி முடிந்ததும் வெண்டலின் வலது முழங்கையை எட்டிப் பிடித்து உள்பக்கமாக ஒரு அழுத்து அழுத்தினான். பையனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எத்தன நாளா?"

"விடு பெருசு. கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான்."

"இறுக்கமா இருந்தா கண்ணுல தண்ணி வருமா? ஏறு வண்டியில."

பக்கத்து ஊரில் ஓர் எலும்பு வைத்தியரிடம் கூட்டிப் போனான். அந்த மனிதர் சுற்றி வளைக்கவில்லை. முழங்கைத் தசைநார் பாதி பிரிந்திருக்கிறது, வசந்தம் வரைக்கும் பந்தைத் தொடாமல் இருந்தால் தானே கூடும், இப்படியே வீசினால் முழுக்க அறுந்துவிடும் என்றார். அறுந்த முழங்கையோடு வந்த பிட்சரை அந்தக் காலத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மறுபடி பழம் பறிக்கப் போக வேண்டியதுதான்.

ஆர்லிஸ் அன்றைக்கே, ஆட்டக்காரர்கள் ஸ்கிப் என்று கூப்பிடுகிற மேனேஜர் ஹாஸ்கின்ஸிடம் போய்ச் சொன்னான். ஹாஸ்கின்ஸ் எல்லோரையும் தட்டிக்கொடுத்துப் பேசுகிறவர். தட்டிக்கொடுக்கிற கையை நம்பினவன் கெட்டான். அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவனுக்கு ஒரு காபியும் ஊற்றிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாம இருக்குமா ஆர்லிஸ்? காயம் பாக்குற டிரெய்னர் ஐஸ் வெச்சுக்கிட்டுத்தான் இருக்காரு."

"ஐஸ் வெச்சா அறுந்தது ஒட்டுமா ஸ்கிப்? பையன உக்கார வைங்க."

"மேல, நம்ம பெரிய கிளப்புல, என்ன பேச்சு நடக்குது தெரியுமா? அவன வேற கிளப்புக்கு மாத்தப் போறாங்க. பதிலுக்கு ரெண்டு நல்ல பசங்க வர்றாங்க நமக்கு. மாசக் கடைசிக்குள்ள முடிக்கணும். அதுவரைக்கும் அவன் முழுசா இருக்கான்னு எல்லாரும் நம்பணும்."

"நம்பி வாங்கிட்டுப் போறவன் அவனத் தெனமும் வீச வைப்பானே? ஒரே வாரத்துல அறுந்துடுமே?"

"அது அவங்க பாடு. இனிமே நீ அவனுக்கு வளைவுப் பந்து கேக்காத. வேகப் பந்து, மெதுப் பந்து, ரெண்டு போதும். யாராச்சும் கேட்டா, மெதுப் பந்தப் பழகிக்கிட்டிருக்கான்னு சொல்லிடு."

இந்தப் பொய்யின் அழகைச் சொல்லியாக வேண்டும். மைனர் லீக்கில் பிட்சருக்கு வீட்டுப்பாடம் மாதிரி, இந்த வாரம் இந்தப் பந்தை மட்டும் வீசு என்று உத்தரவு போடுவது எல்லாக் கிளப்பிலும் உள்ள வழக்கம். அதனால் ஒருவன் வளைவுப் பந்தே வீசவில்லை என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. எந்த அயோக்கியன் முதலில் இதைக் கண்டுபிடித்தானோ தெரியாது, வழக்கத்துக்குள் ஒளித்து வைத்தால் எந்தத் திருட்டும் ஒளிந்துகொள்ளும்.

ஆர்லிஸ் காபியைத் தொடாமல் எழுந்து வந்தான். அடுத்த இரண்டு ஆட்டத்தில் சொன்னபடியே செய்தான். ஒரு விரல், நான்கு விரல், மறுபடி ஒரு விரல். ஒவ்வொரு தடவையும் பந்து கையுறைக்குள் வந்து விழும்போது அந்த முழங்கை எங்கே பிரிகிறதோ என்று பையனின் கையையே பார்த்தான். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. லுவெல்லா பயிற்சியாளர் வேலையைப் பற்றிப் பேச்செடுத்தபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

ஆகஸ்டுக் கடைசியில் மெர்ல் டாட்சன் வந்தார். பதினைந்து வருடத்துக்கு முன்னால் கென்டக்கியில் ஆர்லிஸின் அம்மா சமையலறையில் உட்கார்ந்து, உங்கள் பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று சொல்லி அவனைக் கூட்டிக்கொண்டு வந்த ஸ்கவுட் அவர்தான். இப்போது வேறொரு கிளப்புக்கு வேலை செய்தார். அந்தக் கிளப் பெரிய லீக்கில் முதலிடத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தது. ஆட்டத்தன்று காலை டாட்சன் அவனைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய் பிஸ்கட்டும் கிரேவியும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் பக்கத்துப் பிஸ்கட் மெத்தென்ற சின்ன ரொட்டி, வாயில் போட்டால் கரையும் என்று பேர் பெற்றது. ஆர்லிஸுக்கு மண்ணாக இருந்தது.

"அம்மா நல்லா இருக்காங்களா தம்பி?"

"செத்துப்போய் நாலு வருசம் ஆச்சு மெர்ல்."

"அடடா. நல்ல மனுஷி. எவ்ளோ பெரிய ஆப்பிள் பை சுட்டுப் போட்டாங்க அன்னிக்கு." டாட்சன் கிரேவியை வழித்தார். "சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் பையன் ரெண்டு ஆட்டமா வளைவுப் பந்து வீசலயாமே. கை நல்லா இருக்கில்ல?"

ஓர் ஆட்டக்காரனின் கையைப் பற்றி இன்னொரு ஆட்டக்காரன் ஸ்கவுட்டிடம் வாய் திறக்கக் கூடாது. இது எங்கும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் அதை மீறினவனோடு ஒருத்தனும் ஒரே பேருந்தில் உட்கார மாட்டான்.

"மெதுப் பந்தப் பழகிக்கிட்டிருக்கான்" என்றான் ஆர்லிஸ். காது நெருப்பாகக் காய்ந்தது. டாட்சன் அந்தக் காதை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஐஸ் டீயை உறிஞ்சினார்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் நல்ல கூட்டம். பொரித்த வெண்டைக்காய்ப் பொட்டலத்தோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வலைக்குப் பின்னால் டாட்சனும் வேறு கிளப்புகளின் ஸ்கவுட்டுகளும் வரிசையாக. ஹாஸ்கின்ஸ் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார்: ஒன்பது இன்னிங்ஸில் மூன்று போதும், பளபளவென்று வீசிவிட்டு வந்துவிடட்டும்.

முதல் இரண்டு இன்னிங்ஸ் பையன் பளபளவென்றுதான் வீசினான். மூன்றாவதில் வேகப் பந்து ஒன்றை வீசிவிட்டு, திரும்பி நின்று, கையைத் தொங்கவிட்டு உதறினான். கூட்டத்துக்கு முதுகு காட்டினான். ஆர்லிஸுக்கு அவன் தோள் நடுங்கியது தெரிந்தது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

குந்தி உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டினான்.

வெண்டல், பிட்சர் நின்று வீசுகிற மண்மேட்டின் மேலிருந்து முறைத்தான். மாட்டேன் என்று தலையை ஆட்டினான். ஆர்லிஸ் மறுபடியும் இரண்டு விரல். மறுபடியும் தலையாட்டல். பேட்டரே பொறுமை இழந்து காலை மாற்றி வைத்தான். மூன்றாவது தடவையும் இரண்டு விரல் காட்டியபோது வெண்டல் பந்தைக் கையுறைக்குள் குத்தினான். ஆர்லிஸ் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி அம்பயரிடம் கேட்டுவிட்டு மேட்டுக்கு நடந்தான்.

"பைத்தியம் புடிச்சிருச்சா பெருசு உனக்கு?"

"ஒண்ணே ஒண்ணு வீசு. ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் பாக்கட்டும். பாத்துட்டா ஒருத்தனும் உன்ன வாங்க மாட்டான். மறைக்க ஒண்ணும் இல்லன்னா இவனுங்க உன்ன உக்கார வெச்சுத்தான் ஆகணும்."

"ஓ, அப்படியா? நானும் உன்ன மாதிரி நரைக்கிற வரைக்கும் இந்தப் பாழாப்போன பஸ்சுல குந்திக்கிட்டு இருக்கணுமா? பொறாமையில சாகுற நீ!"

"வாய ஒடச்சிருவேன். வைத்தியர் சொன்னது மறந்துபோச்சா? அறுந்துரும்டா!"

"என் கை. அறுந்தா எனக்குத்தானே அறுகுது? போய்க் குந்து."

அணி உட்காருகிற டக்-அவுட் கொட்டகையிலிருந்து ஹாஸ்கின்ஸ், ஆர்லிஸ், ஒழுங்கா ஆடு, என்று தேன் தடவின குரலில் கூப்பிட்டார். அந்தத் தேன்தான் அவனை உடைத்தது என்று பிற்பாடு சொல்வான். திரும்பி வந்தவன் குந்தவில்லை. முகமூடியைக் கழற்றி மண்ணில் வீசினான். பேட்டரையும் அம்பயரையும் தாண்டி நேராக வலைக்குப் போய், கம்பியைப் பத்து விரலாலும் பிடித்துக்கொண்டான்.

"மெர்ல்! காலைல கேட்டீங்களே, இப்ப கேளுங்க. அவன் மெதுப் பந்தும் பழகல, ஒரு மண்ணும் பழகல. முழங்கை போச்சு! பாதி பிஞ்சு கெடக்கு! அதனாலதான் வளைவுப் பந்து வேண்டாம்னு எனக்கு உத்தரவு. மாடு விக்கிறவன்கூட பல்லத் தொறந்து காட்டுவான். இவனுங்க வாயத் தெச்சு விக்கிறானுங்க. யாரும் வாங்காதீங்க, அவன வீட்டுக்கு அனுப்புங்க!"

வெண்டைக்காய் மென்றுகொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றன. மேட்டின் மேல் வெண்டல் தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். வைக்கோல் தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து படியிறங்கிப் போயின. டாட்சன் மட்டும் உட்கார்ந்த இடத்தில் விதையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிவதற்குள் ஆர்லிஸுக்கு வேலை போனது. உடை மாற்றும் அறையில் ஹாஸ்கின்ஸ் வந்து சொன்னபோதுகூட அவன் தோளில் கையைப் போட்டுத்தான் சொன்னார். ஆர்லிஸ் அந்தக் கையை உதறித் தள்ளினான். இருந்தாலும் அவனுக்கு மனதில் ஒரு நிம்மதி இருந்தது. பயிற்சியாளர் வேலை போகட்டும், லுவெல்லா ஒரு மாதம் பேசாமல் இருக்கட்டும். பையனின் கை பிழைத்தது. காலணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பதினைந்து வருடத்தில் உருப்படியாக ஒரு காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டான். மற்ற ஆட்டக்காரர்கள் அவன் பக்கம் திரும்பாமல் உடை மாற்றிக்கொண்டு போனார்கள். அவன் அதைப் பொருட்படுத்தவில்லை.

அறை காலியானதும் டாட்சன் உள்ளே வந்து எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ரொம்ப ஒபகாரம் தம்பி."

"எனக்கு எதுக்கு நன்றி? ஏமாந்து வாங்கியிருப்பீங்க, தப்பிச்சீங்க."

"ஏமாறுறதா?" டாட்சன் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எங்களுக்கு ஜூலை மாசமே தெரியும். வீசுறப்ப அவன் கை எறங்குறது கண்ணு இருக்குறவனுக்குத் தெரியாதா? முப்பது வருசமா இதானே என் பொழப்பு."

ஆர்லிஸ் பையைக் கீழே வைத்தான்.

"தெரிஞ்சா எங்கிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

"உங்க ஆளுங்க ரெண்டு பேரக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு நின்னாங்க. நாங்க ஒருத்தன்னு நின்னோம். மத்த கிளப்புக்காரனுங்களும் மோந்து பாத்துக்கிட்டே இருந்தானுங்க, அதனால உங்க ஆளுங்க எறங்கி வரல. உள்ளேயிருந்து யாராச்சும் ஒருத்தர் வாய் தொறந்தா போதும்னு இருந்துச்சு. நீ எங்கிட்ட மட்டும் சொல்லுவேன்னுதான் பாத்தேன். நீ ஊருக்கே சொல்லிட்ட. மத்தவனுங்க எல்லாம் ஓடிட்டானுங்க. இப்ப போன்ல முடிஞ்சுது. ஒருத்தனுக்கே குடுத்துட்டாங்க."

"முடிஞ்சுதா? என்ன முடிஞ்சுது?"

"பையன் நம்ம கார்ல உக்காந்திருக்கான். நாளைக்கே மேல கூட்டிட்டுப் போறேன்."

"அந்தக் கை ஒரு மாசம் தாங்காதுய்யா!"

"செப்டம்பர் தாங்கும். அதோட சீசன் முடியுது. எங்களுக்கு செப்டம்பர் போதும்."

ஆர்லிஸ் அவர் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நிறுத்தினான். அறுபது வயதுக் கிழவர், தொப்பி கீழே விழுந்தது. "எங்கம்மாகிட்ட சொன்னியே, பொறுப்புன்னு! அவனோட அம்மாகிட்டயும் போய் ஆப்பிள் பை தின்னுட்டு அதத்தான் சொல்லப் போறியா?" டாட்சன் கையை ஓங்கவில்லை, சத்தமும் போடவில்லை. அவனயே போய்க் கேளு தம்பி, என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூட ஆர்லிஸுக்கு ஆறியிருக்கும்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் டாட்சனின் பழுப்பு நிறக் கார் நின்றது. முன் சீட்டில் வெண்டல், கதவு திறந்து கிடந்தது, ஒரு கால் வெளியே. ஆர்லிஸ் மேல்மூச்சு வாங்க வந்து நின்றான்.

"எறங்கு."

"போ பெருசு."

"எறங்குடா மடையா! அந்த ஆளுக்குத் தெரியும். உன் கை போச்சுன்னு தெரிஞ்சேதான் வாங்கியிருக்கான். ஒரு மாசம் புழிஞ்சுட்டுத் தூக்கிப் போடுவான்."

"எனக்கும் தெரியும்" என்றான் வெண்டல். "அவரு போன வாரமே போன்ல எங்கிட்ட பேசிட்டாரு. மறைக்கல. ஒரு மாசம்தான், அப்புறம் உன் அதிர்ஷ்டம்னு சொன்னாரு."

"தெரிஞ்சா போற?"

"பெரிய மைதானம் பெருசு. எங்கப்பா தோட்டத்துல ரேடியோவ வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, என் பேரச் சொல்லுவாங்க. வசந்தம் வரைக்கும் நான் வீட்டுல குந்தியிருந்தா, இந்தக் கை கூடுதோ இல்லையோ, இவங்க அதுக்குள்ள வேற ஒருத்தனப் புடிச்சிருப்பாங்க. உனக்கு ஒரு நாளாச்சும் குடுத்தாங்களா?"

ஆர்லிஸ் குனிந்து தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.

"நீ கத்தினதுல எனக்கு அவமானம்தான். ஆனா உம்மேல கோவம் இல்ல. ஒண்ணு மட்டும் சொல்லு. இருபது வயசுல உன்ன இப்படிக் கூப்பிட்டிருந்தா, இதே கையோட, நீ போகாம இருந்திருப்பியா?"

ஹாஸ்கின்ஸ் மேல் கோபம், டாட்சன் மேல் கோபம், இந்த வாயாடிப் பயல் மேல் கோபம். அத்தனையும் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றன. போயிருக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பையன் ஒருவேளை இறங்கியிருப்பான். அந்தப் பொய் ஆர்லிஸின் நாக்கில் வரவில்லை. ஒரு கையை வெட்டிக் கொடு என்று கேட்டிருந்தாலும் அந்த வயதில் கொடுத்துவிட்டு ஓடியிருப்பான். அது அவனுக்குத் தெரியும். தன் மேல் வந்த கோபம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது.

டாட்சன் தொப்பியைத் தட்டிக்கொண்டே வந்து, மறுபக்கம் ஏறி, வண்டியைக் கிளப்பினார். வெண்டல் காலை உள்ளே இழுத்துக்கொண்டான். கதவைச் சாத்த வலது கையை நீட்டினான். முழங்கை பாதிக்கு மேல் நீளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை நீட்டினான். கைப்பிடி எட்டவில்லை.

ஆர்லிஸே அந்தக் கதவைப் பிடித்து, கார் மொத்தமும் அதிரும்படி அறைந்து சாத்தினான்.